அடுக்குத் தொடர் எங்கே குவியும்? கையால் கண்டுபிடிக்கும் முறை

முதலில் ஒரு கணக்கை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வோம்.

(ம − 3)/2 + (ம − 3)²/(2 · 2²) + (ம − 3)³/(3 · 2³) + (ம − 3)⁴/(4 · 2⁴) + …

ம-வுக்கு எந்தெந்த எண்களைக் கொடுத்தால் இந்தத் தொடர் குவியும்? நுண்கணிதம் படிக்கத் தொடங்கும் யாருக்கும் சீக்கிரமே இந்த மாதிரிக் கேள்வி வந்து சேரும். வழி தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை வெறும் சுருக்கல்தான். மீதிக் கால்வாசியில்தான் மார்க் போகிறது. அந்தக் கால்வாசிக்கு இங்கே கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும் மாறியை ம என்றும், எத்தனையாவது உறுப்பு என்று சொல்லும் எண்ணை ந என்றும் எழுதுகிறேன். ம^ந என்றால் ம-வின் ந-ஆவது அடுக்கு. ந! என்றால் 1 முதல் ந வரையுள்ள எண்களின் பெருக்கல், அதாவது ஃபாக்டோரியல். |ம| என்றால் குறியை விட்டுவிட்டு எடுக்கும் மட்டு மதிப்பு. மேலே உள்ள தொடரின் பொது உறுப்பு (ம − 3)^ந / (ந · 2^ந). ந 1-இலிருந்து தொடங்குகிறது.

கேள்வி என்ன கேட்கிறது?

அடுக்குத் தொடர் என்பது முடிவில்லாமல் நீளும் பல்லுறுப்புக் கோவை. ம-வுக்கு ஓர் எண்ணைப் போட்டவுடன் அது வெறும் எண்களின் தொடராகிவிடும். அந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், கூட்டுத்தொகை ஏதோ ஓர் எண்ணை நெருங்கி அங்கேயே நிலைக்கிறதா? நிலைத்தால் தொடர் குவிகிறது. நிலைக்காவிட்டால் விரிகிறது.

எளிய உதாரணம் பெருக்குத் தொடர்: 1 + ம + ம² + ம³ + … ம = ½ என்றால் 1, 1.5, 1.75, 1.875 என்று போய் 2-ஐ நெருங்கும். ம = 2 என்றால் 1, 3, 7, 15 என்று கட்டுக்கடங்காமல் ஏறும். ம = −1 என்றால் 1, 0, 1, 0 என்று ஊசலாடும். அதுவும் குவியாது, ஏனென்றால் ஊசலாட்டம் எப்போதும் அடங்குவதில்லை. |ம| 1-ஐவிடச் சிறியதாக இருந்தால் மட்டும் இது குவியும். கூட்டுத்தொகை 1/(1 − ம). இந்த ஒரு தொடரை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மற்ற அடுக்குத் தொடர்களை எல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறோம்.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 0-வை மையமாகக் கொண்ட ஏதோ ஒரு தொடர் ம = 4-இல் குவிகிறது என்று வைத்துக்கொள்வோம். குவிகிறது என்றாலே அங்கே அதன் உறுப்புகள் 0-வை நோக்கிச் சுருங்க வேண்டும். அப்படியானால் எந்த உறுப்பும் ஓர் அளவைத் தாண்டாது; அந்த அளவு 10 என்று கொள்வோம். இப்போது ம = 3-க்கு வாருங்கள். ந-ஆவது உறுப்பு, 4-இல் இருந்ததைப் போல (¾)^ந மடங்குதான் இருக்கும். அதாவது 10 · (¾)^ந-ஐத் தாண்டாது. ¾-ஐ விகிதமாகக் கொண்ட பெருக்குத் தொடர் குவியும். அதற்கு அடங்கிய இதுவும் குவியும். −3-க்கும் இதே வாதம் பொருந்தும், மட்டு மதிப்பை மட்டும்தானே பார்த்தோம்? ஆக, 4-இல் குவிந்தால் −4-க்கும் 4-க்கும் நடுவில் எல்லா இடத்திலும் குவியும். −4-இல் என்ன ஆகும் என்பதைப் பற்றி இந்த வாதம் ஒன்றுமே சொல்வதில்லை. இதைக் கவனியுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

இதனால் ஓர் அடுக்குத் தொடருக்கு மூன்றே நிலைமைகள்தான் உண்டு: மையத்தில் மட்டும் குவியும்; எல்லா இடத்திலும் குவியும்; அல்லது மையத்திலிருந்து இருபக்கமும் சம தூரம் வரை குவிந்து, அதற்கு வெளியே விரியும். அந்தத் தூரத்துக்குக் குவி ஆரம் என்று பெயர். முனைகள் இரண்டையும் சோதித்துச் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தபின் கிடைப்பது குவி இடைவெளி. ஆரம் கேட்டிருந்தால் ஓர் எண் எழுத வேண்டும், இடைவெளி கேட்டிருந்தால் இரண்டு முனைகளின் கதையையும் எழுத வேண்டும். கேள்வியை ஒருமுறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

முதல் படி: மையம்

அடுக்குக்கு உள்ளே இருப்பது எப்போது 0 ஆகிறது? நம் கணக்கில் ம − 3 = 0, அதாவது ம = 3. அதுதான் மையம். (ம + 2)^ந என்று இருந்தால் மையம் −2. குறியில் தவறு செய்வது இங்கேதான், வேறொன்றும் இல்லை.

இரண்டாம் படி: விகிதச் சோதனை

பெருக்குத் தொடரில் அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் மாறாது. நம் தொடரில் மாறும். ஆனால் வெகுதூரம் போனால் அந்த விகிதம் ஏதோ ஓர் எண்ணில் நிலைக்குமானால், தொடர் அங்கே பெருக்குத் தொடர் மாதிரியே நடந்துகொள்ளும். அந்த எல்லை 1-ஐவிடச் சிறியது என்றால் குவியும், பெரியது என்றால் விரியும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் டி'அலம்பேரின் பெயரால் அறியப்படும் சோதனை இது.

போட்டுப் பார்ப்போம். அடுத்த உறுப்பை இந்த உறுப்பால் வகுக்கிறோம்:

(ம − 3)^(ந+1) / ((ந+1) · 2^(ந+1)) × (ந · 2^ந) / (ம − 3)^ந

ஒரே மூச்சில் சுருக்க வேண்டாம். ஒரே இனத்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவாருங்கள். (ம − 3)-இன் அடுக்குகள் இரண்டும் சேர்ந்து ஒரு (ம − 3) மிஞ்சும். 2-இன் அடுக்குகள் சேர்ந்து கீழே ஒரு 2 மிஞ்சும். கடைசியாக ந/(ந+1). மட்டு மதிப்பு எடுத்தால்

|ம − 3|/2 × ந/(ந+1)

ந = 10 என்றால் ந/(ந+1) என்பது 10/11, ந = 1000 என்றால் 1000/1001. போகப் போக 1-ஐ நெருங்கும். ஆகவே எல்லை |ம − 3|/2. இது 1-ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும்:

|ம − 3| < 2, அதாவது 1 < ம < 5

குவி ஆரம் 2. இதுவரை வந்தது முக்கால்வாசி.

நிற்பதற்கு முன்னால் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். ம = 5.1 என்று போடுங்கள். (5.1 − 3)/2 = 1.05, ஆகவே உறுப்புகள் 1.05^ந / ந. முதல் உறுப்பு 1.05. பத்தாவது சுமார் 0.163. இருபதாவது சுமார் 0.133. ஆஹா, சுருங்குகிறதே என்று தோன்றும். இருபத்தொன்றாவது உறுப்பு இருபதாவதுக்குச் சரிசமம், ஏனென்றால் அங்கே விகிதம் 1.05 × 20/21 = 1. அதற்கப்புறம் திரும்பி ஏறத் தொடங்கிவிடும்: ஐம்பதாவது 0.229, நூறாவது 1.315, இருநூறாவது 86-ஐத் தாண்டிவிடும். முதல் இருபது உறுப்புகளைக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுக் குவிகிறது என்று முடிவு கட்டியிருந்தால் தவறாகியிருக்கும். எல்லையை எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். தொடரின் தலைவிதியைத் தீர்மானிப்பது அதன் வால், தலைப்பகுதி இல்லை.

மூன்றாம் படி: முனைகள்

நான் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களின் நோட்டுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த பிழை ஒன்று உண்டு. ம = 5-ஐயும் ம = 1-ஐயும் மறுபடி விகிதச் சோதனைக்குள் கொண்டுபோய்ப் போடுவார்கள். விடை 1 வரும். உடனே 'குவியாது' என்று எழுதுவார்கள், அல்லது 'குவியும்' என்று எழுதுவார்கள். இரண்டுக்கும் அங்கே ஆதாரம் இல்லை. விகிதம் 1 வருகிற இடங்களைத்தானே முனைகள் என்று பிரித்து வைத்தோம்? அங்கே மறுபடி கேட்டால் மறுபடியும் 1 என்றுதான் வரும். அந்தச் சோதனை முனையில் வாய் திறக்காது. வேறு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு முனையையும் தனியாக, மூலத் தொடரில் போடுங்கள்.

ம = 5: (5 − 3)^ந / (ந · 2^ந) = 2^ந / (ந · 2^ந) = 1/ந. அதாவது 1 + 1/2 + 1/3 + 1/4 + … இது இசைத் தொடர். உறுப்புகள் 0-வை நோக்கிப் போனாலும் இது விரியும். பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் 14-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய வழி இன்றைக்கும் மிக அழகானது. 1/3 + 1/4 இரண்டும் சேர்ந்தால் ½-ஐவிடப் பெரிது, ஏனென்றால் இரண்டுமே ¼-க்குக் குறையாதவை. 1/5 முதல் 1/8 வரை நான்கும் சேர்ந்தால் மறுபடி ½-ஐவிடப் பெரிது. அடுத்த எட்டும் அப்படியே. முடிவில்லாமல் அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போனால் எங்கே நிற்கும்? ஆனால் மிக மிக மெதுவாக ஏறும். கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். ஆகவே 5 சேராது.

ம = 1: (1 − 3)^ந / (ந · 2^ந) = (−2)^ந / (ந · 2^ந) = (−1)^ந / ந. அதாவது −1 + 1/2 − 1/3 + 1/4 − … குறி ஒன்றுவிட்டு ஒன்று மாறுகிறது. கூட்டிப் பாருங்கள்: −1, −0.5, −0.833, −0.583, −0.783, −0.617. இந்தப் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்தால், அந்தப் பக்கம் அதைவிடச் சின்ன எட்டு. ஒவ்வொரு எட்டும் முந்தையதைவிடச் சின்னது, கடைசியில் 0-வை நோக்கிப் போகிறது. நடுவில் சிக்கிய ஓர் எண்ணில் ஒடுங்கியே தீர வேண்டும். ஜெர்மன் கணிதவியலாளர் லைப்னிட்ஸின் பெயரால் அறியப்படும் லைப்னிட்ஸ் சோதனை சொல்வது இவ்வளவுதான். குவியும். ஆகவே 1 சேரும்.

விடை: 1 ≤ ம < 5. அடைப்புக்குறியில் எழுதினால் [1, 5). சதுர அடைப்பு முனை சேரும் என்பதற்கு, வளைந்த அடைப்பு சேராது என்பதற்கு.

முனையில் தேவைப்படும் கருவிகள் பெரும்பாலும் மூன்றே மூன்று. முதலாவது: உறுப்புகள் 0-வை நோக்கிப் போகவே இல்லை என்றால் விரியும், மேற்கொண்டு பேச்சில்லை. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது: உறுப்பு 1/ந^அ என்ற வடிவில் இருந்தால், அடுக்கு அ 1-ஐவிடப் பெரிதானால் குவியும், 1 அல்லது அதற்குக் குறைவானால் விரியும். 1/ந² குவியும்; 1/ந விரியும்; 1/√ந விரியும். மூன்றாவது: குறி மாறி மாறி வந்தால் லைப்னிட்ஸ். அதைப் பயன்படுத்தும்போது அளவு இறங்கிக்கொண்டே போகிறது, எல்லை 0 என்று இரண்டு நிபந்தனைகளையும் ஒரு வரியாவது எழுதிவிடுங்கள்.

ஒரே ஆரம், மூன்று விதமான முனைகள்

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொது உறுப்பு ம^ந, ம^ந/ந, ம^ந/ந². மூன்றுக்கும் மையம் 0, குவி ஆரம் 1. முதலாவதில் இரு முனைகளும் வெளியே, (−1, 1). இரண்டாவதில் −1 மட்டும் உள்ளே, [−1, 1). மூன்றாவதில் இரண்டுமே உள்ளே, [−1, 1]. கீழே இருக்கும் ந, ந² எல்லாம் விகிதத்தின் எல்லையைத் துளிக்கூட அசைப்பதில்லை. முனையில் மட்டும்தான் தங்கள் வேலையைக் காட்டுகின்றன.

ஃபாக்டோரியல் வந்தால் கதையே வேறு. ம^ந/ந! என்றால் விகிதம் |ம|/(ந+1). ம எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இது 0-வுக்குப் போகும், எல்லா இடத்திலும் குவியும். தலைகீழாக ந! · ம^ந என்றால் விகிதம் (ந+1)|ம|; ம = 0 தவிர எங்கேயும் குவியாது. இரண்டிலும் சோதிக்க முனை இல்லை.

தடுக்கி விழும் இடங்கள்

அடுக்குக்குள் ம தனியாக இல்லாமல் 2ம + 1 என்று இருக்கிறதா? பொது உறுப்பு (2ம + 1)^ந / (3^ந · √ந) என்று வைத்துக்கொள்வோம். விகிதத்தின் எல்லை |2ம + 1|/3. இது 1-க்குக் குறைய வேண்டும் என்றால் |2ம + 1| < 3. இங்கே அவசரப்பட்டு ஆரம் 3 என்று எழுதிவிடுவார்கள். −3 < 2ம + 1 < 3 என்று விரித்தால் −2 < ம < 1. மையம் −½, ஆரம் 3/2. ம-வின் கெழுவால் வகுக்காமல் ஆரத்தைச் சொல்லவே கூடாது. முனைகள்: ம = 1 என்றால் 1/√ந, விரியும். ம = −2 என்றால் (−1)^ந/√ந, குவியும். விடை [−2, 1).

அடுத்தது, இரட்டை அடுக்குகள் மட்டும் வரும் தொடர். ம^(2ந)/9^ந என்றால் விகிதம் ம²/9, நிபந்தனை ம² < 9, ஆரம் 3. கெழுக்களை மட்டும் வகுத்து ஆரம் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. அதை இங்கே கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 9 என்று வரும், தவறு. என்னைக் கேட்டால் தொடக்கத்தில் அந்தக் குறுக்கு வழியையே மறந்துவிடுங்கள். முழு உறுப்பையும், ம உட்பட, வகுத்தால் இந்தப் பிழை வரவே வழியில்லை.

சில சமயம் விகிதத்துக்கு எல்லையே இருக்காது. (2 + (−1)^ந) ம^ந-இல் கெழுக்கள் 1, 3, 1, 3 என்று மாறி மாறி வரும். விகிதம் ஒரு முறை 3|ம|, மறுமுறை |ம|/3. அப்போது கோஷியின் மூலச் சோதனைக்குப் போக வேண்டும்: உறுப்பின் மட்டு மதிப்புக்கு ந-ஆவது மூலம் எடுத்து எல்லை பார்ப்பது. 1-க்கும் சரி 3-க்கும் சரி, ந-ஆவது மூலம் 1-ஐத்தான் நெருங்கும். ஆகவே எல்லை |ம|, ஆரம் 1. உறுப்பு முழுவதுமே ந-ஆவது அடுக்கில் இருந்தாலும், உதாரணமாக (ம/ந)^ந, இந்தச் சோதனைதான் சுலபம்.

ஏன் அங்கே போய் நிற்கிறது?

நம் முதல் கணக்கு ஏன் 5-இல் தடைபட்டது? அதன் கூட்டுத்தொகை உண்மையில் 2/(5 − ம)-இன் இயற்கை மடக்கை. ம 5-ஐ நெருங்கினால் அது கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. தொடர் அதைத் தாண்ட முடியாது. சரி, 1-க்கு அந்தப் பக்கம் என்ன தடை? மடக்கைக்கு ஒரு தடையும் இல்லை, ம = 0-இல் கூட நல்ல மதிப்பு இருக்கிறது. ஆனால் மையம் 3-இலிருந்து வலப்பக்கம் 2 அலகு தூரம்தான் போக முடியும் என்றால், இடப்பக்கமும் அவ்வளவுதான். முன்பு பார்த்த 4, −4 வாதம் இதைத்தான் சொன்னது.

சில தொடர்களில் தடை கண்ணுக்கே தெரியாது. ம − ம³/3 + ம⁵/5 − ம⁷/7 + … என்பது டேன் சார்பின் நேர்மாறு. அந்தச் சார்பு எல்லா மெய்யெண்களுக்கும் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் தொடரின் விகித எல்லை ம², ஆரம் 1. அதன் வகைக்கெழு 1/(1 + ம²). அது ம² = −1 ஆகும் இடத்தில் உடைகிறது; அந்த இடம் கற்பனை எண் அச்சில், 0-விலிருந்து சரியாக 1 அலகு தூரத்தில் இருக்கிறது. சிக்கலெண் தளத்தில் பார்த்தால் குவியும் பகுதி ஒரு வட்டம். 'ஆரம்' என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது.

இதே தொடர்தான் முனையின் குணத்தை எனக்கு நன்றாகப் புரியவைத்தது. ம = 1 போட்டால் 1 − 1/3 + 1/5 − 1/7 + …; லைப்னிட்ஸ் சோதனைப்படி குவியும், கூட்டுத்தொகை பை/4. ம = −1-இலும் குறி மட்டும் மாறிக் குவியும். ஆக இடைவெளி [−1, 1]. ஆனால் முனையில் குவிவது எவ்வளவு மெதுவு என்று பாருங்கள்: நூறு உறுப்புகளைக் கூட்டி 4-ஆல் பெருக்கினால் 3.1316 வரைதான் வருகிறது. லைப்னிட்ஸுக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் முன்பே, 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் பிறந்த சங்கமகிராம மாதவனும் அவர் வழியில் வந்த கணிதவியலாளர்களும் இந்தத் தொடரை அறிந்திருந்தார்கள். முனையில் நின்று கூட்டுவதை விட்டுவிட்டு, இடைவெளிக்கு உள்ளே ம = 1/√3 என்ற இடத்துக்கு வந்தார்கள். அது 30 பாகைக்கு உரிய மதிப்பு. அங்கே தொடர்

பை = √12 × (1 − 1/(3 · 3) + 1/(5 · 3²) − 1/(7 · 3³) + …)

ஒவ்வொரு உறுப்பும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வெறும் ஐந்து உறுப்புகளில் 3.1426 வந்துவிடுகிறது, முனையில் நூறு உறுப்புகள் தந்ததைவிடத் துல்லியமாக. இருபத்தொரு உறுப்புகளைக் கூட்டினால் 3.14159265359, பதினொரு தசம இடங்கள். கையால் செய்த கணக்கு இது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவன் இவற்றுக்கான நிறுவல்களை மலையாளத்திலேயே யுக்திபாஷை என்ற நூலில் எழுதி வைத்தார்.

நீங்களே போட்டுப் பார்க்க

பொது உறுப்பை மட்டும் தருகிறேன், ந 1-இலிருந்து தொடங்கட்டும். விடையைப் பார்க்காமல் மூன்று படிகளையும் காகிதத்தில் எழுதுங்கள்.

ந · (ம + 2)^ந / 5^ந
(3ம − 6)^ந / ந²
ம^ந / (ந · (−4)^ந)

முதலாவதின் மையம் −2, ஆரம் 5. இரு முனைகளிலும் உறுப்பின் அளவு ந, 0-வுக்கே போகாது. விடை (−7, 3). இரண்டாவதின் மையம் 2, ஆரம் 1/3; இரு முனைகளிலும் குவியும்; விடை [5/3, 7/3]. மூன்றாவதில் கீழே இருக்கும் −4-இன் குறியைக் கவனிக்க வேண்டும்: ம = 4-இல் (−1)^ந/ந கிடைத்துக் குவிகிறது, ம = −4-இல் 1/ந கிடைத்து விரிகிறது. விடை (−4, 4]. முதல் கணக்கில் இடது முனை உள்ளே வந்தது, இங்கே வலது முனை.